காயாத சுவர்

அக்டோபர் 12, ஞாயிறு. இன்றைய தவறு: மூன்றாவது சதுரத்தில் அட்டையைத் திருப்பிப் போட மறந்துவிட்டேன். இலையோடு இலை சேரவில்லை. பூச்சு காய்ந்த பிறகுதான் கண்ணில் பட்டது.

இவ்வளவையும் எழுதிவிட்டு கவுஹேலோ பேனாவை மூடினாள். மறுபடி திறந்து, 'கண்ணில் பட்டது' என்பதை அடித்தாள். 'செலோவானே சொல்லித்தான் தெரிந்தது' என்று திருத்தினாள். மாலை வகுப்பில் கட்டட வரைபடம் சொல்லித்தரும் ஆசிரியர் முதல் நாளே போட்ட விதி இது. தினமும் எழுத வேண்டும். தவறை முதலில் எழுத வேண்டும். மறுநாள் வேலையோடு முடிக்க வேண்டும். வகுப்பில் மற்றவர்கள் இரண்டே வாரத்தில் நோட்டைத் தொலைத்துவிட்டார்கள். கவுஹேலோவுக்கு எதையும் பாதியில் விட வராது. செய்வது சரிதானா என்ற சந்தேகமும் அவளை விட்டுப் போகாது.

சின்னத் தவறுதான். ஆனால் அவள் செய்திருக்கக் கூடாத தவறு. பகல் முழுக்க அவள் நிற்பது மபுட்சோ நகரில் ஒரு ஜீன்ஸ் தொழிற்சாலையின் கட்டிங் மேசையில். துணி வெட்ட இடது காலுக்கு ஓர் அட்டை. அதையே திருப்பிப் போட்டால் வலது கால். திருப்ப மறந்தால் இரண்டு இடது கால் கொண்ட கால்சட்டைதான் வரும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சூப்பர்வைசர் அவளிடம் சொன்ன ஒரே பாடம் அதுதான். அதைப் போய் சொந்தச் சுவரில் மறந்திருக்கிறாள்.

சுவர் என்றால் லைன் வீட்டின் முன்சுவர். ஒரே தகரக் கூரையின் கீழ் ஐந்து அறைகள், ஐந்தும் மண்கல் கட்டுமானம். ஒன்றின் கதவு வலது ஓரம் என்றால் அடுத்ததன் கதவு இடது ஓரம். அதனால் இரண்டு கதவுகள் தோளோடு தோள் நிற்கும், பிறகு இரண்டு சுவர்கள் சேர்ந்தாற்போல் வரும். முதல் அறையில் செலோவானே. இரண்டாவதில் கவுஹேலோ. மூன்றாவதில் மாநேயோ, அவளுடைய ஒரு வயது மகன் நேயோவோடு. நான்கிலும் ஐந்திலும் மலைப் பக்கத்திலிருந்து வந்த அக்காவும் தங்கையும். அவர்கள் அதிகம் பேச மாட்டார்கள். மாநேயோவைத் தவிர மற்ற நால்வருக்கும் ஒரே தொழிற்சாலை. மாநேயோ வீட்டு வாசலில் எண்ணெய்ச்சட்டி வைத்து மாவு உருண்டை பொரித்து விற்பாள். வீட்டுக்காரர் ராமொஹாபி இவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்றுதான் கூப்பிடுவார்.

ஜூலையில் வரும் குளிர்காலக் காற்றில் முன்சுவரின் பூச்சு பாளம் பாளமாக வெடித்தது. ராமொஹாபியிடம் சொன்னார்கள். பார்க்கலாம் என்றார். வசந்தம் வந்தும் அவர் பார்க்கவில்லை. பீச் மரங்கள் பூத்த வாரம் பெண்களே இறங்கினார்கள். ஓடைக்கரையிலிருந்து செம்மண், மாட்டுப்பட்டியிலிருந்து சாணம், குழைத்துக் கையால் பூச்சு. பூச்சு ஈரமாக இருக்கும்போதே விரலாலும் முள்கரண்டியாலும் கோடு இழுத்தார்கள். உழவுசால் போல நெருங்கிய கோடுகள். டிடேமா என்பார்கள். உழுத நிலத்துக்கும் அதுதான் சொல். எந்தக் கோடு எங்கே போக வேண்டும் என்று பெண்கள்தான் முடிவு செய்வார்கள். அதில் ஆண்கள் யோசனை சொன்னால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

ஓர் அறைக்கு ஒரு பெரிய சதுரம். சதுரத்தின் ஓரங்களில் பாதி இலைகள். மீதிப் பாதி பக்கத்து அறையின் சதுரத்தில் இருக்கும். தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் அரைகுறை. சேர்த்துப் பார்த்தால் சுவர் முழுக்க இலை ஓடும், நடுவில் வருகிற கதவுகளைக்கூடத் தாண்டி ஓடும். ஐந்து சதுரமும் ஒரே அளவில் வர வேண்டும் என்று கவுஹேலோதான் தொழிற்சாலையின் பழைய பெட்டியைக் கிழித்து அட்டை வெட்டி வந்தாள். முதல் சதுரம் சரி. இரண்டாவதில் திருப்பினாள், சரி. மூன்றாவதில் மறுபடி திருப்பியிருக்க வேண்டும்.

"உன் இலையப் பாரு, அது இலைக்கு முதுகக் காட்டிட்டுப் படுத்திருக்கு" என்றாள் செலோவானே, தெருவில் நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு. "சண்ட போட்ட புருஷன் மாதிரி."

"என் பக்கத்து இலைதான் நல்லா இருக்கு. இவ இலைதான் மொறைக்குது" என்றாள் மாநேயோ.

கவுஹேலோவுக்குக் காது சூடாகிவிட்டது. நாலு வீட்டுப் பெண்கள் அவள் அட்டையை நம்பினார்கள். அட்டை இல்லாமலேயே விட்டிருந்தால் அவர்கள் கை தானாகச் சரியாகப் போட்டிருக்கும்.

திங்கள்கிழமை வேலை முடிந்து வந்ததும் சேலையைச் சொருகுவதுபோல் கம்பளியை இடுப்பில் கட்டிக்கொண்டு அவள் மூன்றாவது சதுரத்தைச் சுரண்டி, நனைத்து, புதிதாகப் பூசினாள். அட்டையைத் திருப்பிப் போட்டாள். கடைசி இலையின் விளிம்பை விரலால் இழுத்துக்கொண்டிருந்தபோது ராமொஹாபியின் பிக்கப் வண்டி வந்து நின்றது. கூடவே ஓர் இளைஞன் இறங்கினான். கால்சட்டையெல்லாம் பல வண்ணத் துளிகள். லெபா என்று பெயர் சொன்னான், விளம்பரம் வரைகிற பெயிண்டர்.

ராமொஹாபி தொப்பியைக் கழற்றிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மன்றாட்டுச் சொல்வதுபோல் அமைதியாகச் சொன்னார். "உங்களுக்கெல்லாம் நல்ல சேதி. சோப்புக் கம்பெனிக்காரங்க இந்தச் சுவரக் கேட்டிருக்காங்க. மஞ்சள் அடிச்சு, அறைக்கு ஒரு படம் போடுவாங்க. சனிக்கிழமை வந்து போட்டோ எடுப்பாங்க. அதுக்குப் பதிலா கூரைக்குப் புதுத் தகரம்."

லெபா மாதிரிப் படத்தை விரித்துக் காட்டினான். மஞ்சள் பின்னணியில் ஒரு நீலச் சட்டை. அதற்குக் கண்ணும் வாயும் இருந்தன. சிரித்தது.

"அஞ்சு சட்டையா?" என்றாள் செலோவானே.

"அஞ்சு."

"அஞ்சும் சிரிக்குமா?"

"ஒரே மாதிரி சிரிக்கும். ஸ்டென்சில் அட்டை இருக்கு."

"ந்தாதே, சுவர இப்பத்தான் போட்டிருக்கோம்" என்றாள் கவுஹேலோ. பெரியவரை மரியாதையாக விளிக்கும் அந்தச் சொல் அவள் வாயில் கொஞ்சம் கோணலாக வந்தது.

"பாத்தேன், பாத்தேன். அழகுதான். மண்ணுதானம்மா, முதல் மழைக்கே போயிடும்."

"போனா மறுபடி போடுவோம்."

"அப்புறம்?"

"மறுபடி போகும். மறுபடி போடுவோம்."

ராமொஹாபி சிரித்தார். கோபப்பட்டிருந்தால் அவளுக்கு எளிதாக இருந்திருக்கும். "ரெண்டு, நீ மாலை வகுப்புக்கெல்லாம் போற பொண்ணு. கணக்குத் தெரியும். மண்ணா, தகரமா?" என்றார்.

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறதோ என்று அவளுக்குத் தோன்றியது. மூன்றாம் அறையின் கூரை இரண்டு வருடமாக ஒழுகுகிறது. செலோவானேதான் குறுக்கே வந்தாள். "வாடகை நாங்க உங்க கையிலதான் குடுக்குறோம். கூரை மட்டும் சோப்புக்காரன் போடணுமா?"

இதற்குள் லெபா சுவரருகே போய் மூன்றாவது சதுரத்தில் விரல் வைத்துப் பார்த்தான். விரல் செக்கச்செவேலென்று வந்தது. கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"ந்தாதே, இது ஈரம். ஈர மண்ணுல பெயிண்ட் நிக்காது. பாளமா உரிஞ்சு வந்துடும், கம்பெனிக்காரங்க என் காசப் புடிச்சுக்குவாங்க. காயட்டும். நாளைக்கு வர்றேன்."

வண்டி போனது. எண்ணெய்ச்சட்டியைக் கிளறிக்கொண்டிருந்த மாநேயோ தலை நிமிராமலே கேட்டாள்.

"காயலன்னா?"

அன்றிரவு கவுஹேலோ நோட்டில் மறுநாள் வேலை என்று எழுதியது ஒரே வரி: சுவரைக் காய விடக் கூடாது.

செவ்வாய் விடிவதற்குள் ஐவரும் வாசலில் நின்றார்கள். ஆளுக்கொரு வாளி. மெல்லிய சாணக்குழம்பு. ஏற்கெனவே இருந்த கோட்டின் மேலேயே விரலை ஓட்டி, அதே இலையை மறுபடி இழுத்தார்கள். வேலைக்குப் போகும் மற்ற லைன் வீட்டுப் பெண்கள் நின்று பார்த்தார்கள். நேற்றும் இதைத்தானே செய்தீர்கள் என்று ஒருத்தி கேட்டாள். நாளைக்கும் இதைத்தான் செய்வோம் என்றாள் செலோவானே.

சங்கு ஊதியதும் நால்வர் ஓடினார்கள். பகல் முழுக்கச் சுவர் மாநேயோவின் பொறுப்பு. அங்கே வசந்தக் காற்று ஒரு மணி நேரத்தில் எதையும் உலர்த்திவிடும். குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு, நனைத்த சாக்கால் ஒன்றிலிருந்து ஐந்து வரை ஒற்றிக்கொண்டே போவாள். ஐந்தை முடிக்கும்போது ஒன்று வெளுத்திருக்கும். திரும்புவாள். நடுவில் எண்ணெய் காயும், ஆள் வருவார், உருண்டை பொரியும்.

லெபா காலையில் வந்தான், மத்தியானம் வந்தான், மாலையில் வந்தான். ஒவ்வொரு முறையும் விரல் வைத்துப் பார்த்தான். ஒவ்வொரு முறையும் உருண்டை வாங்கித் தின்றான்.

"அக்கா, எனக்கு நாள் கூலி. நீங்க எத்தன நாள் வேணும்னாலும் நனைங்க."

"உனக்கு வெக்கமா இல்லயா? இந்தச் சட்டைய ஊரு பூரா வரையிறியே" என்றாள் மாநேயோ.

"ஸ்டென்சில் வரையுது. நான் புடிச்சுக்கிட்டு நிக்கிறேன்."

மாலையில் இதை மாநேயோ நடித்துக் காட்ட, செலோவானே சிரித்துச் சிரித்து வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். கவுஹேலோவும் சிரித்தாள். பிறகு, தொழிற்சாலையில் நானும் அட்டையைப் பிடித்துக்கொண்டுதானே நிற்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். ஒரே இடது கால், ஒரே வலது கால், மாலைக்குள் ஆயிரக்கணக்கில். அவளுக்கு அது வெறுத்ததில்லை. துணியை அடுக்கி, விளிம்பு விளிம்போடு பொருந்தும்போது ஒரு நிறைவு வரும். வெட்டிய துணிக்குவியல் ஒன்றுபோல் ஏறிக்கொண்டே போவதைப் பார்ப்பதே சுகமாக இருக்கும். மக்காச்சோளக் கதிரில் மணி வரிசையைப் பார்ப்பதுபோல. சுவரில் இருப்பதும் அதேபோல் திரும்பத் திரும்ப வருவதுதான். பிறகு ஏன் அந்த நீலச் சட்டையைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது? அன்றைய வகுப்பில் உட்கார்ந்து யோசித்தாள். சட்டைக்குப் பக்கத்துச் சட்டை தேவையில்லை. ஒன்றை அழித்தால் மீதி நான்கும் அப்படியே சிரிக்கும். இலை அப்படி இல்லை. நோட்டில் இப்படி எழுதியபின், இது பெரிய வார்த்தை, அடித்துவிடலாமா என்று பார்த்தாள். அடிக்காமல் விட்டாள்.

புதன்கிழமை காலை முற்றத்துக் குழாயில் பூட்டு தொங்கியது. குழாய்ச் சாவியை ராமொஹாபி எடுத்துப் போயிருந்தார். சமைக்கவும் தண்ணீர் இல்லை. செலோவானே தெருவில் நின்று அவருடைய ஏழு தலைமுறையையும் விசாரித்தாள். கவுஹேலோ அறைக்குள் போய் ஐந்து லிட்டர் கேனைக் கழுவி எடுத்துக்கொண்டாள். அன்று வேலை முடிந்து தொழிற்சாலைக் குழாயில் நிரப்பிய கேனோடு நால்வரும் வாசலுக்கு வந்தபோது, பின்னால் வந்த அடுத்த லைன் வீட்டுப் பெண்களும் கேனோடு வந்தார்கள். யார் சொன்னது என்று கவுஹேலோவுக்குத் தெரியவில்லை. ரயில் பாதையோரம் மஞ்சள் கேன்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஆடி ஆடிப் போயின.

ஆனால் அவர்கள் வருவதற்கு முன்பே வானம் முந்திக்கொண்டது. பிற்பகலில் ஆலங்கட்டி மழை. வந்து பார்த்தபோது இலைகளெல்லாம் கரைந்து அடிச்சுவரில் சிவப்பாக வழிந்திருந்தன. அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. நனைந்த சுவரில் கோடு போடுவது எளிது. கவலை மூன்றாம் அறைக்குள் இருந்தது. கட்டிலின் மேலேயே கூரை ஒழுகி, மெத்தை ஊறி, மாநேயோ குழந்தையை மேசைமேல் உட்கார வைத்து ஈரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நேயோ இருமினான். அன்று அவள் கோடு போட வெளியே வரவில்லை. அவள் சதுரத்தைக் கவுஹேலோவே போட்டாள், அட்டையை மறக்காமல் திருப்பி.

வியாழன் மாலை வேலை முடிந்து வந்தபோது ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து ஈரமாக இருந்தன. மூன்றாவது சதுரம் மட்டும் வெளுத்துக் காய்ந்திருந்தது.

குழாயின் பூட்டு திறந்திருந்தது. சாவி மாநேயோவின் கழுத்தில் தொங்கியது.

"வந்தாரா?" என்றாள் செலோவானே.

"வந்தாரு. மூணாம் அறைக்கு மட்டும் தனியாத் தகரம் தர்றேன்னாரு. சனிக்கிழமை. என் சுவர்ல மட்டும் சட்டை. உங்க சுவர் உங்க இஷ்டம்."

"நடுவுலயா? நடுவுல மஞ்சள் சுவர்ல ஒரு சட்டை பல்லக் காட்டிட்டு நிக்குமா?"

"நிக்கட்டும்."

"ரெண்டு நாள் நீதானேடி நனைச்ச. காயலன்னா காயலன்னானு நீதானே ஆரம்பிச்ச."

"ஆமா, நான்தான். உன் கட்டில்ல ஒழுகுதா? உன் புள்ள இருமுதா?" மாநேயோவின் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் செலோவானே பதிலுக்குக் கத்தியிருப்பாள். "இலைய நான் புள்ளைக்குப் போத்தி விடவா?"

நான்காம் அறை அக்கா மெல்ல, "ஒண்ணு போனா நாலும் போயிடும். அடுத்து எங்ககிட்ட வருவாரு" என்றாள். அந்த வாரம் அவள் பேசிய நீளமான பேச்சு அதுதான். மாநேயோ கதவைச் சாத்திக்கொண்டாள்.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது, கவுஹேலோ போய்விட்டாள். வழியெல்லாம் தன்னைத்தானே குடைந்துகொண்டாள். பாதி இலைக்காக ஒரு குழந்தை நனைய வேண்டும் என்று கேட்க நமக்கு என்ன உரிமை? தகரமே பெரிது என்று ராமொஹாபி சொன்னது சரியோ? சரி என்றால் ஏன் அவர் தகரத்தை ஒவ்வொருவராகக் காட்டிப் பிரிக்கிறார்? கூரை போட நினைப்பவர் கூரையைத்தானே போட வேண்டும்.

வகுப்பில் ஆசிரியர் ஓர் அறையின் படத்தை வரையச் சொன்னார். கவுஹேலோ தன் அறையையே வரைந்தாள். கதவு, கட்டில், அலமாரி, ஆணி. அடுத்த அறையையும் சேர்த்து வரையுங்கள் என்றார். அவள் தாளை மடித்து, அச்சு எடுத்துக்கொண்டு கோட்டை இழுத்தாள். கதவு எதிர்ப்பக்கம் வந்தது. கட்டில் எதிர்ப்பக்கம் வந்தது. அளவு அதேதான். ஓர் அங்குலம் மாறவில்லை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டுத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து வீட்டுக்கு நடந்தாள். வகுப்பு முடியுமுன் அவள் எழுந்து போனது அதுவே முதல் முறை.

மாநேயோ கதவைப் பாதிதான் திறந்தாள். "திட்ட வந்தியா?"

"அறைய மாத்திக்கலாமா?"

"என்னது?"

"நீ ரெண்டுக்கு வா. நான் மூணுக்கு வர்றேன். ரெண்டுல ஒழுகாது."

மாநேயோ அவளை மேலும் கீழும் பார்த்தாள். "எனக்குப் பிச்ச போடுறியா?"

"இல்ல. எனக்கு உன் சுவர் வேணும்."

"ஒரு இலைக்காகவா?"

"பாதி இலை. மீதி எங்கிட்ட இருக்கு."

மாநேயோவுக்குச் சிரிப்பு வந்தது. உடனே அடக்கிக்கொண்டாள். "நனைவியே."

"நான் ஒருத்திதானே. கட்டிலத் தள்ளிப் போட்டுக்குவேன். எனக்கு இருமல் வந்தா மருந்து குடிச்சுக்குவேன்."

"ரெண்டாம் நம்பர் சுவர்ல சட்டை போடுன்னு நான் அவர்கிட்டச் சொன்னா?"

இதைக் கவுஹேலோ யோசித்திருக்கவில்லை. வழக்கமாக எல்லாவற்றையும் யோசிப்பவள். "அது உன் சுவர் ஆயிடும். உன் இஷ்டம்" என்றாள்.

"உனக்குக் கிறுக்கு" என்றாள் மாநேயோ. குழாய்ச் சாவியைக் கழுத்திலிருந்து கழற்றி விரலில் சுற்றினாள். "நாளைக்கு வேலை முடிஞ்சு வா. அலமாரியத் தனியாத் தூக்க என்னால ஆகாது."

வெள்ளி மாலை மாற்றிக்கொண்டார்கள். எல்லா அறையும் ஒன்றுபோல் இருப்பதில் முதல்முறையாக ஒரு லாபம் கிடைத்தது. எதையும் அளக்க வேண்டியிருக்கவில்லை. கட்டில் போகும் இடத்தில் கட்டில் போனது. அலமாரி இருந்த இடத்தில் அலமாரி. ஆணி எல்லாச் சுவரிலும் அதே உயரத்தில் இருந்தது. எதிர்ப்பக்கம் இருந்தது, அவ்வளவுதான். விளக்கைப் போடக் கவுஹேலோவின் கை பழைய பக்கமே போய்ச் சுவரைத் தடவியது. செலோவானே நடுவில் நின்று, நேயோவை இடுப்பில் வைத்துக்கொண்டு அதிகாரம் செய்தாள். அக்காவும் தங்கையும் அலமாரியைத் தூக்கினார்கள். ஒழுகும் இடத்துக்குக் கீழே இரண்டு வாளி வைத்துவிட்டுக் கவுஹேலோ காய்ந்து கிடந்த மூன்றாவது சதுரத்தை நனைக்க ஆரம்பித்தாள். மாநேயோ அவள் பக்கத்தில் வந்து பார்த்தாள். பிறகு இரண்டாம் அறைக்குள் போய்விட்டாள்.

சனிக்கிழமை விடுமுறை. ராமொஹாபியின் வண்டியில் நான்கு தகரத் தாள்கள் கட்டப்பட்டிருந்தன. லெபா மஞ்சள் டப்பாவை இறக்கினான். பின்னால் இன்னொரு காரில் கேமராவோடு கம்பெனி ஆள் ஒருவர் இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

ராமொஹாபி மூன்றாவது கதவைத் தட்டினார். கவுஹேலோ திறந்தாள். கைகள் முழங்கை வரை சிவப்பு.

"நீ ரெண்டு இல்ல?"

"இன்னைக்கு மூணு, ந்தாதே."

"யாரக் கேட்டு மாத்துன?"

"எல்லா அறையும் ஒண்ணுதானே. வாடகையும் ஒண்ணுதான்."

"இந்த அறை ஒழுகும், தெரியுமில்ல?"

"தெரியும். வாளி வெச்சிருக்கேன்."

அவர் தகரத்தைத் திரும்பிப் பார்த்தார். "இதோ, கொண்டு வந்திருக்கேன். இன்னைக்கே போட்டுடலாம்."

"போடுங்க. கூரை உங்களது. சுவரத் தொட வேண்டாம்."

"அப்படி இல்லம்மா ஒப்பந்தம்."

"அப்ப வேண்டாம்." வாசற்படியை விட்டு அவள் நகரவில்லை.

லெபா வழக்கம்போல் விரல் வைத்தான். சிவப்பு. ராமொஹாபி அவனைப் பார்க்காமல் இரண்டாவது அறைப் பக்கம் திரும்பினார். "மாநேயோ" என்று கூப்பிட்டார். எண்ணைச் சொல்லாமல் பெயரைச் சொன்னது அவருக்கே வினோதமாக இருந்திருக்க வேண்டும், ஒருமுறை கனைத்துக்கொண்டார். "நீ எனக்கு வாக்குக் குடுத்த. இந்தச் சுவர் இருந்தாலும் போதும்."

மாநேயோ வெளியே வந்தாள். முதுகில் நேயோ. கையில் வாளி.

"மூணாம் நம்பருக்கு வாக்குக் குடுத்தேன், ந்தாதே" என்றாள் மாநேயோ. "இங்க ஒழுகல." வாளிக்குள் கையை விட்டு, கை நிறையக் குழம்பை அள்ளி, இரண்டாவது சதுரத்தின் மேல் அப்பினாள். நிதானமாக, அவசரமே இல்லாமல், இலையின் மேல் விரலை ஓட்டினாள். விரல் மூன்றாவது சதுரத்தின் விளிம்பு வரை வந்தது. அங்கிருந்து கவுஹேலோ தொடர்ந்தாள். கை தானாகவே போனது.

ராமொஹாபியின் முகத்திலிருந்து மன்றாட்டுக் களை போய்விட்டது. "மாசக் கடைசியில ரெண்டும் மூணும் காலி பண்ணணும்" என்றார்.

செலோவானே உள்ளே போய் வந்தாள். வண்டியின் மூக்கில் தன் அறைச் சாவியை வைத்தாள். அக்கா வந்து வைத்தாள். தங்கை வந்து வைத்தாள். மாநேயோ மண் கையோடே வைத்தாள். கவுஹேலோ கடைசியாக வைத்தாள். ஐந்து சாவி, ஒரே மாதிரிச் சாவி, வரிசையாக. தெருவில் எதிர் லைன் வீட்டில் மூன்று அறைகள் குடிவர ஆள் கிடைக்காமல் குளிர்காலத்திலிருந்து பூட்டிக் கிடந்தன. எல்லோருக்கும் அது தெரியும். ராமொஹாபிக்கு நன்றாகவே தெரியும்.

அவர் சாவிகளை வெகுநேரம் பார்த்தார். எடுக்கவில்லை. தொப்பியைப் போட்டுக்கொண்டு, "மாசக் கடைசியில பேசிக்கலாம்" என்று யாரையும் பார்க்காமல் சொன்னார். வண்டி நகர வேண்டியிருந்ததால் ஐவரும் தங்கள் சாவியை எடுத்துக்கொண்டார்கள். எது யாருடையது என்று சிறிது குழப்பம். செலோவானே அதற்கும் ஒரு கேலி சொன்னாள். தகரம் வந்தபடியே திரும்பிப் போனது.

கேமராக்காரர் கண்ணாடியை இறக்கி லெபாவிடம் ஏதோ கேட்டார். "ஈரம், சார். இந்தச் சுவர் காயாது. வேற சுவர் பாருங்க" என்றான் லெபா. போகும்போது மாநேயோவிடம் இரண்டு உருண்டை வாங்கிக்கொண்டான். காசு சரியாகக் கொடுத்தான்.

அக்டோபர் 18, சனி. இன்றைய தவறு: இரவு விளக்கைப் போட மறுபடி தவறான சுவரைத் தடவினேன். ஜெயித்தோமா என்று தெரியவில்லை. கூரை இன்னும் ஒழுகுகிறது. மாதக் கடைசியில் அவர் வருவார். மலைப் பக்கம் மேகம் கட்டியிருக்கிறது, இலைகள் நாளைக்குள் கரையலாம்.

நாளைய வேலை: மாட்டுப்பட்டியிலிருந்து இரண்டு வாளி சாணம். மூன்றாம் அறைக் கூரையில் ஏறித் தார் பூசிச் சாக்கு ஒட்டுவது, ஏணியை செலோவானே பிடிப்பாள். பிறகு சுவர், ஒன்றிலிருந்து ஐந்து வரை. மூன்றாவதில் அட்டையைத் திருப்பிப் போட வேண்டும்.